உழைப்பவன் ஏறும் வண்டிக்கு உரியவர் யார்?

கதிரவன் எழுமுன்னே எழுந்து, கட்டுச்சோற்றைப் பையிலிட்டு, நிலையம் நோக்கி ஓடுகின்ற மக்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். செங்கற்பட்டிலும் திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் அவர்களைக் காணலாம். மும்பையை அடுத்த தாணேயிலும் விராரிலும் காணலாம். கொல்கத்தாவின் அவுராவிலும் சியால்தாவிலும் காணலாம். அவர்கள் பேசும் மொழி வேறு. உண்ணும் உணவு வேறு. உடுக்கும் முறையும் வேறு. ஆனால், அவர்கள் படும் பாடு ஒன்றே! ஒரு காலைப் படியிலும் மறுகாலை வெட்டவெளியிலும் வைத்து, ஒற்றைக் கைப்பிடியில் உயிரைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, வயிற்றுக்காக ஓடுகின்ற கூட்டம் அது.

நகரத்து அடுக்குமாடிகளைக் கட்டுகின்ற கொத்தனும், அவற்றைப் பெருக்கித் துடைக்கின்ற பெண்ணும், மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருந்த செவிலியும், மீன்கூடை சுமக்கின்ற கிழவியும், அலுவலக எழுத்தனும், கல்லூரி மாணவனும் அக்கூட்டத்தில் உளர். இவர்கள் ஒரு நாள் வாராதொழியின் நகரம் இயங்காது. ஆயினும் இவர்களைச் சுமந்து செல்லும் புறநகர்த் தொடர்வண்டியை ஆளுகின்றவர்கள், இவர்களைத் தம் கணக்கேட்டில் எவ்விடத்தில் எழுதி வைத்திருக்கின்றனர் தெரியுமா? இழப்பு என்னும் பத்தியில்!

இதை எழுதுபவன் தமிழ் கற்பிப்பவன். கணக்குக் கற்பிப்பவன் அல்லன். ஆயினும் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்குப் பெரும்புலமை தேவையில்லை. 2018–19ஆம் ஆண்டில் இந்தியத் தொடர்வண்டிகளில் ஏறியோர் தொகை ஏறத்தாழ 844 கோடி. அவருள் புறநகர் வண்டிகளில் ஏறியோர் ஏறத்தாழ 478 கோடி. அஃதாவது, இந்நாட்டில் தொடர்வண்டியேறும் நூற்றுவருள் ஐம்பத்தறுவர் புறநகர்ப் பயணியர். கொரோனாக் கொடுந்தொற்றுக்குப்பின் மொத்தத் தொகை குறைந்து, 2023–24இல் ஏறத்தாழ 690 கோடியளவில் நின்றது. அவ்வாண்டிலும் பாதிக்கு மேற்பட்டோர் புறநகரினரே. தில்லியில் அமர்ந்து 'உலகின் மாபெரும் மக்கள் ஊர்தி எமது' என்று மார்தட்டுகின்றார்களே, அம்மார்பில் பாதிக்கு மேல் நம் கூலிக்காரரின் மார்பு!

இனி, கணக்கின் மறுபுறத்தையும் பார்ப்போம். இப்பயணியர் செல்லும் தொலைவு குறைவு. ஒரு செலவுக்கு ஏறத்தாழ முப்பது கி.மீ. என்பதே பொதுக்கணக்கு. ஆகவே, தொலைவைக் கொண்டு அளந்தால் அவர்கள் பங்கு எட்டில் ஒன்று அளவாகச் சுருங்குகின்றது. கட்டண வரவைக் கொண்டு அளந்தால் அவர்கள் பங்கு இருபதில் ஒன்றை ஒட்டியே நிற்கின்றது. இந்தக் கடைசி அளவுகோலைத்தான் ஆள்வோர் இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றனர். 'ஐந்து உருபாவுக்கு ஏற்றிச் செல்கின்றோம். திங்கட்சீட்டு என்று சலுகையும் தருகின்றோம். இன்னும் என்ன வேண்டும்?' என்பது அவர்கள் வினா.

விடை கூறுவோம். ஒரு மேம்பாலம் கட்டப்படுகின்றது. அதன்மேல் மகிழுந்துகள் கட்டணமின்றி ஓடுகின்றன. அம்மேம்பாலத்தால் இத்துணைக் கோடி இழப்பு என்று எந்த அமைச்சராவது என்றாவது அறிக்கை விடுத்ததுண்டா? இல்லை. அதை நாட்டு வளர்ச்சி என்பர், முதலீடு என்பர். மகிழுந்துக்காரன் ஏறினால் வளர்ச்சி. கூலிக்காரன் ஏறினால் இழப்பு! இஃது எவ்வூர்க் கணக்கு? புறநகர்த் தொடர்வண்டி ஈட்டித் தருவது சீட்டுக் காசை மட்டுமன்று. அது நாள்தோறும் கொண்டுவந்து இறக்கும் கைகள்தாம் தொழிற்சாலையை ஓட்டுகின்றன; கடையைத் திறக்கின்றன; வரியை விளைவிக்கின்றன. விளைச்சலை ஒருவன் களஞ்சியத்தில் கொட்டிக்கொண்டு, உழவு மாட்டுக்கு இட்ட வைக்கோலை மட்டும் இழப்பென்று எழுதி வைத்தானாம். அவன் கணக்கும் இவர்கள் கணக்கும் ஒன்றே.

இக்கணக்கின் கொடுமை ஏட்டோடு நின்றிருந்தால் நாம் இத்துணைச் சினங்கொள்ள வேண்டுவதில்லை. அது தண்டவாளத்தில் குருதியாக வழிகின்றது. மும்பையில் நெரிசல் நேரத்தில் ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள இடத்தில் பதினான்கு பேரும் பதினாறு பேரும் நிற்கின்றனர். நில்லுங்கள், உங்கள் வீட்டுத் தரையில் அவ்வளவு இடத்தைக் கோடிட்டு, எத்தனை பேர் நிற்கலாம் என்று பாருங்கள்! 2023ஆம் ஆண்டில் மட்டும் மும்பைப் புறநகர்த் தடங்களில் மாண்டவர் 2,500க்கு மேற்பட்டோர். வண்டியினின்று வீழ்ந்தவரும் உளர். தடத்தைக் கடக்கையில் அடிபட்டவரும் உளர். இந்நிலையைக் கண்டு மும்பை உயர் வழக்குமன்றமே 2024இல் தொடர்வண்டித் துறையைக் கடிந்துரைத்தது. மறு ஆண்டே, 2025 சூன் 9ஆம் நாள், மும்பிரா அருகே வளைவொன்றில் எதிரெதிரே சென்ற இரு வண்டிகளின் படிகளில் தொங்கியவர்கள் உரசுண்டு வீழ்ந்தனர். குறைந்தது நால்வர் மாண்டனர்.

மும்பைக் கதை நமக்கெதற்கு என்று எவரும் கருதிவிட வேண்டா. 2018 சூலை 24ஆம் நாளை மறந்துவிட்டோமா? அன்று காலை மின்கம்பி அறுந்து, மெதுவண்டித் தடத்தில் செல்ல வேண்டிய வண்டிகள் விரைவுவண்டித் தடத்தில் திருப்பி விடப்பட்டன. வண்டிகள் குறைந்தன, கூட்டம் பெருகிற்று, படிகளில் தொங்கியோர் பலராயினர். பரங்கிமலை நிலையத்தில் இரு தடங்களுக்கும் இடையே இருந்த கற்காரைச் சுவர், தொங்கியவர்களை அடித்து வீழ்த்திற்று. அங்கும் குறைந்தது நால்வர் உயிரிழந்தனர். உடனே எழுந்த குரல் யாது? 'படியில் தொங்கலாமா?' என்பதே. தொங்குவது பிழைதான். ஆனால், உள்ளே இடமிருந்தும் எவனாவது சாவோடு விளையாட விரும்பித் தொங்குவானா? ஓரிருவர் இளமைத் துடுக்கால் தொங்கலாம். நூறு பேர் தொங்கினால் அது துடுக்கன்று. பெட்டி போதவில்லை என்பதற்குச் சான்று. அச்சான்றைப் படிக்கத் தெரியாதவர்கள், செத்தவன்மேல் குற்றப்பத்திரிகை எழுதுகின்றனர்.

நெரிசலுக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்தையும் பார்ப்போம். குளிரூட்டிய வண்டி! மும்பையில் 2017இல் அது வந்தது. கதவு தானே மூடிக்கொள்ளும், எவரும் வீழார். நன்று, அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் அதன் கட்டணம் கூலிக்காரன் எட்டாத உயரத்தில் இருந்தது. வண்டிகள் பாதி வெறுமையாய் ஓடின. 2022 மே திங்களில் கட்டணத்தைப் பாதியாய்க் குறைக்க நேர்ந்தது. பின்னரும், பொதுவண்டி ஓடிய நேரத்தில் அதை நீக்கிவிட்டுக் குளிரூட்டிய வண்டியை ஓட்டினர். மக்கள் பொறுப்பரோ? அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் கல்வாவிலும் பதுலாப்பூரிலும் தடத்தில் இறங்கி நின்றனர். புதிதாய்ச் சேர்த்த பத்து ஓட்டங்களையும் துறை திரும்பப் பெற்றுக்கொண்டது. இப்பட்டறிவுக்குப் பின்னரே, 2025 ஏப்பிரலில் சென்னைக் கடற்கரைக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே குளிரூட்டிய வண்டி வந்தது. அதன் தொடக்கக் கட்டணம் 35 உருபா. பொதுவண்டியின் தொடக்கக் கட்டணம் 5 உருபா. ஏழு மடங்கு! காற்றுக்கும் கதவுக்கும் ஏழு மடங்கு விலை கொடுக்க இயன்றவனுக்கே உயிர்க்காப்பு என்பது எவ்வகை அறம்? மூடும் கதவு எல்லாப் பெட்டிக்கும் வேண்டும்; அதனினும் முதலில், மூடிய கதவுக்குள் அனைவரும் நிற்கப் போதிய வண்டிகள் வேண்டும்.

இவ்வளவும் ஏன் நேர்கின்றது? ஆள்வோர் யாவரும் கொடியர் என்பதாலன்று. அவர்கள் தொலைவில் இருப்பவர்கள் என்பதால்! அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், நடுவண் பட்டியலின் 22ஆம் இனமாகத் தொடர்வண்டி எழுதப்பட்டுள்ளது. கன்னியாகுமரியினின்று வடகோடிக்கு ஓடும் வண்டிக்கும், கடற்கரை நிலையத்தினின்று தாம்பரத்துக்கு ஓடும் வண்டிக்கும் அங்கே வேறுபாடு இல்லை. முன்னது பல மாநிலங்களைக் கடப்பது. அதற்குப் பொதுவான ஆட்சி வேண்டும் என்பதை ஒப்புகின்றோம். பின்னது எந்த மாநில எல்லையைக் கடக்கின்றது? எந்த இரு நாடுகளை இணைக்கின்றது? முப்பது கி.மீ. தொலைவு ஓடும் ஒரு நகர வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், எத்தனை பெட்டி வேண்டும் என்பதற்கெல்லாம் முடிவிடம் தில்லி வாரியமே எனின், அவ்வண்டியில் தொங்குபவன் தன் குறையை யாரிடம் போய்ச் சொல்வான்? அவன் தேர்ந்தெடுத்த நகர்மன்றத்தானுக்கும் அதிகாரமில்லை, சட்டமன்றத்தானுக்கும் அதிகாரமில்லை. 2017இல் தொடர்வண்டிக்கெனத் தனியே இருந்த வரவு செலவுத் திட்டத்தையும் பொதுத்திட்டத்தோடு கலந்துவிட்டனர். ஆண்டுக்கொருமுறை அதுபற்றித் தனியே நடந்த நாடாளுமன்றச் சொற்போரும் மங்கிப் போயிற்று.

சட்டத்தை மாற்றாமலே பங்கு தரலாம் என்பதற்கும் சான்றுகள் உள. மும்பைக்கென 1999இல் தொடர்வண்டி வளர்ச்சிக் கழகமொன்று அமைந்தது. அதில் தொடர்வண்டித் துறைக்கு 51 பங்கு; மகாராட்டிர அரசுக்கு 49 பங்கு. பெங்களூருப் புறநகர்த் தொடர்வண்டித் திட்டத்துக்கென அமைந்த குழுமத்தில் கருநாடக அரசுக்கு 51 பங்கு. துறைக்கு 49 பங்கு. தில்லியை மீரட்டோடு இணைக்கும் வட்டார விரைவுத் தொடர்வண்டியின் கழகத்தில் நடுவணரசுக்குப் பாதி. மறுபாதியைத் தில்லி, அரியானா, உத்தரப்பிரதேசம், இராசத்தான் ஆகிய நான்கும் ஒப்பப் பகிர்ந்துள்ளன. சென்னையின் புறநகர்த் தடங்களுக்கு அத்தகைய அமைப்பு ஒன்றுண்டா? இல்லை. பங்கு கேட்க நமக்குத் தகுதியில்லையா? 1931ஆம் ஆண்டிலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி கண்ட நகரம் நம்முடையது. மும்பை அதற்கு ஆறாண்டு முன்னது. கொல்கத்தாவோ 1957இல்தான் புறநகர் மின்வண்டி கண்டது.

பணமாவது கொடாதிருந்தோமா? பறக்கும் தொடர்வண்டியை எண்ணிப் பாருங்கள். 1995இல் கடற்கரையினின்று சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலாப்பூர் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் அது வந்தது. மயிலாப்பூருக்கு அப்பாற்பட்ட பகுதிக்கான செலவில் மூன்றில் இரண்டு பங்கு தமிழக அரசு தந்தது. அஃதாவது, 67 விழுக்காடு நம் பணம். 33 விழுக்காடு துறையின் பணம். ஆனால், வண்டியை ஓட்டும் உரிமையும், நேரம் வகுக்கும் உரிமையும், நிலையத்தை ஆளும் உரிமையும் யாருடையவை? மூன்றில் இரண்டு பங்கு கொடுத்தவன் திண்ணையில்; ஒரு பங்கு கொடுத்தவன் கூடத்தில்!

வேளச்சேரியினின்று பரங்கிமலை வரை எஞ்சிய தொலைவு ஏறத்தாழ ஐந்து கி.மீ. 2008இல் தொடங்கிய அப்பணி 2023இலும் முடிவுறாது கிடந்தது. அவ்வாண்டு ஆகத்தில், நான்காம் தடம் அமைக்கவென்று கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் வண்டியை நிறுத்தினர். ஏழு திங்கள் என்றனர். பதினான்கு திங்கள் ஆயின. 2024 அக்தோபர் இறுதியில்தான் வண்டி மீண்டது. அதுவரை நாள்தோறும் பேருந்துக்கு மாறி அலைந்தவர்களின் கூடுதற் செலவை எவர் கணக்கில் எழுதுவது?

நம்மவர் பிழையை மறைத்தலும் அறமன்று. அந்த ஐந்து கி.மீ. தடைப்பட்டதற்கு ஒரு சிறுபகுதி நிலத்தை எடுப்பதில் எழுந்த வழக்கும் கரணியம். அதை விரைந்து முடிக்காத மாநில ஆட்சிகளும் அதற்குப் பொறுப்பு. பெருங்கோட்டை போன்ற நிலையங்களைக் கட்டிவிட்டு, அவற்றின் வாயிலுக்குப் பேருந்தைக் கொண்டுவாராமல் விட்டதனால், பறக்கும் வண்டி எதிர்பார்த்த அளவுக்குப் பயணியரை ஈர்க்காமற் போயிற்று. பேருந்து ஓர் ஆட்சியிடம். வண்டி மற்றோர் ஆட்சியிடம். பயணி இரண்டுக்கும் நடுவே வெயிலில்! இப்பிளவு எத்துணைக் கேடானது என்பதை உணர்ந்து, பறக்கும் வண்டியைச் சென்னைப் பெருநகர்த் தொடர்வண்டிக் குழுமத்தோடு இணைக்க வாரியம் கொள்கையளவில் இசைந்ததே 2025இல்தான்.

சென்னைக்கு வெளியே நிலைமை என்ன? 2025 நவம்பரில் கோவைக்கும் மதுரைக்கும் தமிழகம் கேட்ட 'மெட்ரோ' எனப்படும் பெருநகர்த் தொடர்வண்டித் திட்டங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. 2017ஆம் ஆண்டுக் கொள்கைப்படி இருபது இலக்கம் மக்கள் இல்லை என்பது காட்டிய தடைகளுள் ஒன்று. பயணியர் மதிப்பீடு மிகை என்பது மற்றொன்று. மதிப்பீட்டை ஆராயட்டும், அது முறையே. ஆனால், 2011 கணக்கெடுப்பில் கோவை நகர்த்திரளின் மக்கள்தொகை 21 இலக்கத்துக்கும் மேல். மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் எண்ணினால்தான் அது குறையும். அக்கணக்கெடுப்பின்படி 18 இலக்கமும் நிறையாத ஆக்ராவில் 2024இலேயே அவ்வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. ஒரே கோல், அளக்கப்படும் ஊருக்கேற்ப நீளமும் குட்டையுமாய் மாறுகின்றது!

'மும்பையில்தான் மாநிலத்துக்குப் பங்கிருக்கின்றதே. அங்குச் சாவு குறைந்ததா?' என்று ஒருவர் கேட்கலாம். தகுந்த வினா. அக்கழகம் தடம் அமைக்கும்; பாலம் கட்டும். நாள்தோறும் வண்டிகளை ஓட்டுவன நடுவணரசின் இரு தொடர்வண்டிக் கோட்டங்களே. கட்டும் பங்கு தந்தார்கள்; ஓட்டும் பங்கு தரவில்லை. பெங்களூருக்குப் பங்கு வந்தும், 148 கி.மீ. திட்டத்துக்கு 2022இல் அடிக்கல் நாட்டியும், 2025 முடிய ஒரு வண்டியும் ஓடவில்லை. அரைகுறைப் பங்கின் விளைவு அரைகுறையாகவே இருக்கும் என்பதைத்தான் இவை காட்டுகின்றன. செருமனியில் 1996 முதல் வட்டாரத் தொடர்வண்டிகளை எவ்வளவு, எவ்வாறு ஓட்டுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு மாநிலங்களிடம் உள்ளது. அதற்குரிய பணத்தை நடுவணரசு தருகின்றது. அதனால் செருமனி சிதறிப் போய்விட்டதா?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். இங்கு அஃது உயிரைப் பற்றியதாகவும் இருக்கின்றது. தடம் மாறுகின்றது, வண்டி நில்லாது செல்கின்றது, படியில் நில்லாதே, மறுமேடைக்குப் போ என்னும் அறிவிப்புகளை ஒரு நொடியில் அவன் உணர்ந்தாக வேண்டும். அந்த நொடியில் அவன் மொழியிலன்றி வேறு எம்மொழியில் சொன்னாலும் அது வெற்றொலியே. நகர வண்டியில் பணி செய்பவருக்கு அந்நகர மக்களின் மொழி தெரிந்திருத்தல் வேண்டும் என்பது வெறும் மொழிப்பற்றன்று. மும்பையில் மராத்தியும், கொல்கத்தாவில் வங்கமும், சென்னையில் தமிழும் அவ்வகையில் உயிர்க்காப்புக் கருவிகளே.

ஆகவே நாம் கேட்பவை இவை. புறநகர்த் தொடர்வண்டியை நெடுந்தொலைவு வண்டியினின்று பிரித்துத் தனியே கணக்கெழுதுக. ஆனால், அதை இழப்பென்று எழுதற்க. சென்னைப் புறநகர்த் தடங்களுக்குத் தமிழக அரசும் நடுவணரசும் சேர்ந்த அமைப்பொன்று வேண்டும். அதற்குக் கட்டும் உரிமையோடு ஓட்டும் உரிமையும் நேரம் வகுக்கும் உரிமையும் வேண்டும். பேருந்துக்கும் வண்டிக்கும் ஒரே சீட்டும் ஒரே திட்டமும் வேண்டும். ஒரு பொதுவண்டியை நீக்கி அவ்விடத்தில் விலைகூடிய வண்டியை விடுதல் கூடாது. மூடும் கதவு ஐந்து உருபாச் சீட்டுக்காரனுக்கும் வேண்டும்.

இவை இரந்து பெறுவன அல்ல. நூற்றுக்கு ஐம்பத்தாறு பேராய் ஏறுகின்றவர்கள் நாம். வண்டியைச் செலுத்துவது மின்னாற்றல் என்பர். உண்மையில் அதை நகரத்துக்கு இழுத்து வருவது உழைப்பவனின் பசி. அப்பசியை ஏற்றிச் செல்ல மட்டும் தெரிந்து, அவன் குரலை ஏற்றிச் செல்லத் தெரியாத ஓர் ஆட்சி எத்துணை நாள் ஓடும்? நாளைக் காலை நிலையத்தில் நிற்கும்போது, உங்கள் அருகே நிற்பவரிடம் இதைப் பேசுங்கள். வண்டி தாழ்த்துவரும், பேசுவதற்கு நேரம் இருக்கும்!